கைக்காசு எவ்வளவு, கடன் எவ்வளவு: டிக்கோயா ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): நான் ஹட்டன் பகுதிப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். கழிவுகள் போக இருவருக்குமாக மாதம் 175,000 ரூபாய் கைக்கு வருகிறது. முச்சக்கர வண்டிக்கு மாதம் 14,500 ரூபாய் லீசிங் இன்னும் 18 மாதங்களுக்கு உண்டு. மஸ்கெலியாப் பக்கம் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். டிக்கோயாவில் 8 பேர்ச்சஸ் காணியோடு ஒரு வீடு 95 இலட்சத்துக்கு வந்திருக்கிறது. அதில் 6 பேர்ச்சஸுக்கு சின்னக்கர உறுதி, அதாவது முழு உரிமையுள்ள காணிப் பத்திரம், இருக்கிறது. சமையலறை நிற்கும் பின்பக்கத்து 2 பேர்ச்சஸ் தோட்டக் காணி. "முப்பது வருசமா நாங்கதான் பாவிக்கிறோம், யாரும் கேட்க மாட்டாங்க" என்கிறார் வீட்டுக்காரர். ஒரு வங்கி, பெறுமதியில் 80 சதவீதத்தை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 11.5 சதவீத நிலையான வட்டியில் தருவதாகச் சொல்கிறது. இன்னொரு வங்கியின் வட்டி மாறக்கூடியது. இப்போதைக்கு 10 சதவீதம். நிலையான வைப்பில் 21 இலட்சம் இருக்கிறது. கணவரின் ஊழியர் சேமலாப நிதியில் ஏறத்தாழ 14 இலட்சம் சேர்ந்திருக்கிறது. பணம் குறைந்தால் நகையை அடகு வைத்து 9 இலட்சம் எடுக்கலாம் என்கிறார் கணவரின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைக்குள் 5 இலட்சம் முற்பணம் தரும்படி வீட்டுக்காரர் கேட்கிறார். எந்தக் கடனை எடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

எந்த வங்கியின் கடன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கும் விடை சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்த விடயம் வேறு. 95 இலட்சத்தில் 20 சதவீதம் 19 இலட்சம், கையில் 21 இலட்சம் இருக்கிறது, ஆகவே கைக்காசு சரியாக இருக்கிறது என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வங்கியின் மலையகக் கிளைகளில் கடன் பிரிவில் இருந்த காலமெல்லாம், படித்தவர்களும் பொறுப்பானவர்களும் இதே கணக்கைப் போட்டு வந்து மேசைக்கு முன்னால் அமர்ந்து, பிறகு முகம் வாடிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வங்கி 80 சதவீதம் என்று சொல்வது வீட்டுக்காரர் கேட்கும் விலையில் அல்ல. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் எழுதும் பெறுமதியில். சில வங்கிகள் சந்தைப் பெறுமதியைக் கூட எடுக்காமல், அவசரமாக விற்றால் கிடைக்கக்கூடிய தொகையை, அதாவது கட்டாய விற்பனைப் பெறுமதியையே அடிப்படையாக வைக்கும். மதிப்பீட்டாளர் நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் காணியில் கால் வைப்பார். படத்தில் இருக்கும் 6 பேர்ச்சஸைத்தான் அவர் அளப்பார். பின்பக்கத்து 2 பேர்ச்சஸும் அதன் மேல் நிற்கும் சமையலறையும் அவருடைய அறிக்கையில் இடம்பெறாது. ஆகவே பெறுமதி 85 இலட்சத்துக்கு மேல் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்படி வந்தால் 80 சதவீதம் 68 இலட்சம். மீதி 27 இலட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. உறுதி எழுதும்போது மாகாண சபைக்குச் செலுத்த வேண்டிய முத்திரைத் தீர்வை, முதல் 100,000 ரூபாய்க்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் ஆகும். 95 இலட்சத்துக்கு அது 379,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம், ஈட்டு உறுதிச் செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம், காணிப் பதிவகத் தேடல், காப்புறுதி எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 இலட்சமாவது ஒதுக்குங்கள். மொத்தம் 33 இலட்சத்தைத் தொடுகிறது. உங்களிடம் இருப்பது 21. நகையை வைத்து 9 எடுத்தாலும் இன்னும் ஏறத்தாழ 3 இலட்சம் குறைகிறது, வீட்டுக்குள் போகும் நாளில் வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் இருக்காது.

நகையை வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் நகை மேல் உள்ள பாசம் மட்டுமல்ல. உங்கள் தாயார் கொழுந்து பறித்த சம்பளத்தில் சீட்டுப் போட்டுச் சேர்த்ததாக எழுதியிருந்த அந்தச் சங்கிலியின் அருமை எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் கணக்காகப் பார்த்தாலும் அது தவறு. கைக்காசு என்பது உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். கடன் வாங்கிக் கைக்காசு கொடுத்தால், வீட்டின் முழு விலைக்கும் கடன் வாங்கியதாகவே ஆகிறது. அதில் ஒரு பகுதிக்கு ஒரு வருடத்தில் திருப்ப வேண்டிய அடகுக் கடன் என்ற பெயர் மட்டும் வேறு. 9 இலட்சத்துக்கு வருடம் 12 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 9,000 ரூபாய் வட்டியாக மட்டும் போகும், அசல் அப்படியே நிற்கும். அதைவிட முக்கியமானது, நகை உங்களுடைய கடைசிக் கதவு. பிள்ளைக்கு அவசரச் சிகிச்சை வந்தால், கணவரின் வேலையில் இரண்டு மாதம் சிக்கல் வந்தால் திறக்க வேண்டிய அந்தக் கதவை, வீட்டுக்குள் நுழையும் முதல் நாளிலேயே நீங்கள் பூட்டிவிடக் கூடாது.

இங்கே என் மனதில் இருக்கும் ஒரு பாரத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021 இல் பண்டாரவளைப் பக்கத்துச் சுகாதார ஊழியர் ஒருவருக்கு மாறும் வட்டியில் வீட்டுக் கடன் கொடுக்கலாம் என்று நானே பரிந்துரைத்து எழுதினேன். அப்போது வட்டி மிகக் குறைவாக இருந்தது. அவருக்கும் அவசரம், கிளைக்கும் கடன் கொடுக்க வேண்டிய அவசரம். கைக்காசுக்கு மனைவியின் நகையை வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தும் நான் அதைத் தடையாக எடுக்கவில்லை. 2022 முடிவதற்குள் அவர் கட்டிய தவணை வட்டிக்கே போதவில்லை. அடகு வைக்க நகையும் இல்லை. கடனை மறுசீரமைத்து வீட்டைக் காப்பாற்றினோம் என்றாலும், அந்த ஒன்றரை வருடத்தில் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாறும் வட்டி என்பது பெரும்பாலும், சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம் என்று மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் வீதத்தோடு 2 அல்லது 3 சதவீதம் சேர்த்துக் கணக்கிடப்படுவது. 2020 முடிவில் அந்த வீதம் 6 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2022 முடிவில் 25 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் நடந்தது இது. அப்படி ஒரு காலம் மறுபடி வரும் என்று நான் சொல்லவில்லை; ஆனால் 20 வருடக் கடன் எடுக்கும் ஒருவர், இடையில் ஒரு தடவையாவது வட்டி 16 சதவீதத்தைத் தொடும் என்று எதிர்பார்த்தே கணக்குப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

68 இலட்சம் ரூபாய்க் கடனை 20 ஆண்டுகளில் கட்டுவதாக இருந்தால், 10 சதவீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 65,600 ரூபாய், 11.5 சதவீதத்தில் 72,500 ரூபாய். இந்த 6,900 ரூபாய் வித்தியாசம்தான் உங்களை மாறும் வட்டியின் பக்கம் இழுக்கிறது. ஆனால் அதே கடனின் வட்டி 16 சதவீதத்துக்குப் போனால் தவணை 94,600 ரூபாய் ஆகிவிடும். முதல் மாத வட்டியே 90,000 ரூபாயைத் தாண்டிவிடும். லீசிங்கையும் அடகு வட்டியையும் சேர்த்தால் மாதம் 118,000 ரூபாய் போகும். மிகுதி 57,000 ரூபாயில் மூன்று பேரும் சாப்பிட்டு, லயத்தில் இருக்கும் பெற்றோருக்கும் கொடுத்து, பிள்ளையையும் படிக்க வைக்க முடியுமா? ஆகவே உங்கள் இருவரின் நிலையில் நான் நிலையான வட்டியைத்தான் சொல்வேன். அந்த 6,900 ரூபாயை நட்டமாகப் பார்க்காதீர்கள். ஐந்து வருட நிம்மதிக்குக் கொடுக்கும் கூலி அது. சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாத குடும்பத்துக்கு அந்தக் கூலி அதிகமில்லை.

ஆனால் ஐந்து ஆண்டு முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்பதை ஒப்பமிடுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். எந்த வீதத்தோடு எத்தனை சதவீதம் சேரும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், இடையில் ஒரு தொகையைக் கட்டி அசலைக் குறைத்தால் அபராதம் உண்டா, முழுவதையும் வேறு வங்கிக்கு மாற்றினால் எவ்வளவு கேட்பார்கள், இவற்றுக்கெல்லாம் விடை வேண்டும். விபரங்களைத் தமிழில் தரும்படி தயங்காமல் கேளுங்கள்; புரியாத மொழியில் இருக்கும் ஒப்பந்தத்தில் "பிறகு வாசிக்கலாம்" என்று ஒப்பம் வைத்தவர்கள் நம்மிடையே மிக அதிகம். தவணை நின்றால் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விற்க 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. பராட்டே என்று நாட்டில் பேசப்படுவது இதுதான்.

இப்போது பின்பக்கத்து 2 பேர்ச்சஸ். இதை நான் விலைக் கணக்கில் மட்டும் பார்க்கவில்லை. தோட்டக் காணி அரசுக்கு உரியது. 1992 இலிருந்து கம்பனிகள் அதைக் குத்தகையாகவே நடத்துகின்றன. தனியார் காணியை நீண்ட காலம் எதிர்ப்பின்றி அனுபவித்தால் உரிமை கோரலாம் என்ற சட்டம் அரச காணிக்குப் பொருந்தாது. முப்பது வருடமல்ல, அறுபது வருடம் சமையல் செய்திருந்தாலும் அந்த நிலம் வீட்டுக்காரருடையது ஆகாது. தன்னுடையது அல்லாததை அவரால் உங்களுக்கு விற்கவும் முடியாது. யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவருக்கு உண்மையாக இருந்திருக்கலாம். கேட்கும் நாள் வரும்போது அந்த வீட்டில் கடனோடு இருக்கப்போகிறவர் நீங்கள். ஆகவே விலை பேசுவதாக இருந்தால் 6 பேர்ச்சஸுக்கும், அதற்குள் நிற்கும் சுவர்களுக்கும் மட்டும் பேசுங்கள்; அந்த எல்லைக்குள் புதிதாக ஒரு சமையலறை கட்டும் செலவையும் விலையிலிருந்து கழியுங்கள்.

நமது மலையகத் தமிழ்ச் சமூகத்துக்கு இந்த விடயத்தில் ஒரு தனி வலி இருக்கிறது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக உறுதி எழுதிக் கைமாற்றிக்கொண்டிருந்த காலத்தில், நம்மவர்கள் தாங்கள் பிறந்த அறைக்குக்கூட ஒரு கடதாசி இல்லாமல் இருந்தார்கள். அதனால்தான் உறுதி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கண் நிறைந்துவிடுகிறது, வாசிக்காமலேயே வாங்கிவிடுகிறோம். உங்கள் தந்தையார் "எங்க பேர்ல ஒரு முழ மண்ணாவது இருக்கணும்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஆசைக்கு மதிப்புக் கொடுப்பது என்றால், அவர் பேத்தியின் காலத்திலும் யாரும் கேள்வி கேட்க முடியாத மண்ணை வாங்கிக் கொடுப்பதுதான்.

மண்ணைப் பற்றிப் பேசும்போது சரிவையும் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைநாட்டுச் சரிவுகள் இறங்கியதையும் கண்ட பிறகு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டைப் பார்க்காமல் நுவரெலியா மாவட்டத்தில் வீடு வாங்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் நில அளவைப் படத்தைக் காட்டி விண்ணப்பியுங்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவு வெட்டப்பட்டிருக்கிறதா, தாங்குசுவரில் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கின்றனவா, மழைக்குப் பிறகு முற்றத்தில் வெடிப்புத் தெரிகிறதா என்று ஒரு மழை நாளில் நீங்களே போய்ப் பாருங்கள். வெயில் நாளில் எல்லா வீடும் நல்ல வீடுதான். வங்கி கேட்கும் வீட்டுக் காப்புறுதியில் மண்சரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தனியாகக் கேட்டு, பத்திரத்தில் அந்தச் சொல் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கடனுக்கான ஆயுள் காப்புறுதி உங்கள் இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

சரி, வீடே வாங்க வேண்டாமா? வாங்குங்கள். ஆனால் 95 இலட்சத்து வீட்டை அல்ல. உங்கள் கணவர் 10 வருடத்துக்கு மேல் பங்களித்து, 300,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைத்திருப்பதால், ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதத்தை, 20 இலட்சம் என்ற உச்சத்துக்கு உட்பட்டு, வீட்டுத் தேவைக்காக இப்போதே பெற விண்ணப்பிக்கலாம். 2012 இல் வந்த திருத்தம் அதற்கு இடம் தருகிறது. 14 இலட்சத்தில் அது 420,000 ரூபாய். முதுமைக்கான பணத்தில் கை வைப்பதை நான் எளிதாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மாத வட்டி இல்லை, திருப்பிக் கட்டும் தவணையும் இல்லை, ஆகவே அடகைவிட ஆயிரம் மடங்கு மேல். இதைச் சேர்த்தால் உங்கள் கையில் 25 இலட்சத்து 20 ஆயிரம்.

70 இலட்சத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மதிப்பீடு 66 இலட்சம் வந்தால் 80 சதவீதக் கடன் 52 இலட்சத்து 80 ஆயிரம். கைக்காசு 17 இலட்சத்து 20 ஆயிரம், முத்திரைத் தீர்வை 279,000, மற்றச் செலவு 2 இலட்சம், எல்லாம் போக 3 இலட்சத்துக்குச் சற்று மேல் உங்கள் வைப்பில் மிஞ்சும். அந்த மிச்சத்தைத் தொடாதீர்கள். தளபாடத்துக்கோ பால் காய்ச்சும் நாளின் சாப்பாட்டுக்கோ அதை எடுக்க வேண்டாம். ஐந்து மாதத் தவணை அது. நகை பெட்டியிலேயே இருக்கும்.

இந்தக் கடனை 20 ஆண்டுகளுக்கு எடுத்தால் 11.5 சதவீதத்தில் தவணை 56,300 ரூபாய். 15 ஆண்டுகளுக்கு எடுத்தால் 61,700 ரூபாய். மாதம் 5,400 ரூபாய்தான் வித்தியாசம். வட்டி அப்படியே இருக்குமென்று வைத்துப் பார்த்தால், 20 ஆண்டுகளில் நீங்கள் மொத்தமாகக் கட்டுவது ஏறத்தாழ 135 இலட்சம். 15 ஆண்டுகளில் 111 இலட்சம். 24 இலட்சம் ரூபாய் உங்கள் பிள்ளையின் படிப்புக்கு மிஞ்சுகிறது. 20 ஆண்டுக் கடனில் முதல் ஐந்து வருடம் 33 இலட்சத்துக்கு மேல் கட்டிய பிறகும் அசல் 48 இலட்சம் நிற்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்க வருடங்களில் கட்டுவதெல்லாம் பெரும்பாலும் வட்டிதான். லீசிங்கோடு சேர்த்தாலும் 15 வருடத் தவணை உங்கள் வருமானத்தில் 44 சதவீதத்துக்குள் அடங்குகிறது. 18 மாதத்தில் லீசிங் முடிந்ததும் அந்த 14,500 ரூபாயை வேறு எதற்கும் திருப்பாமல் அசலுக்கே கட்டுங்கள். நீங்கள் அரச ஆசிரியை என்பதால், அரச ஊழியருக்கான ஆதனக் கடன் திட்டத்தின் கீழ் சலுகை வட்டியில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்குமென்று வலயக் கல்வி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அதில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு மீதிக்கு மட்டும் சாதாரணக் கடன் எடுப்பதே மலிவு.

70 இலட்சத்துக்கு டிக்கோயா நகருக்குள் வீடு கிடைப்பது கடினம் என்று சொல்வீர்கள். உண்மைதான். நோர்வூட் வீதியில் சற்று உள்ளே போக வேண்டியிருக்கலாம், அல்லது இன்னும் ஒரு வருடம் வாடகை வீட்டில் இருக்க வேண்டியிருக்கலாம். அந்த ஒரு வருடத்தில் லீசிங்கின் பெரும் பகுதி முடிந்து, மாதம் 30,000 ரூபாய் சேர்த்தாலும் 360,000 ரூபாய் கூடியிருக்கும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை கேட்கும் அந்த 5 இலட்சம். கொடுக்க வேண்டாம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனைக்கான உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கொப்பித் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்த கடிதத்தைக் கொண்டு, வீட்டை எழுதித் தரும்படி அவரை நீங்கள் வற்புறுத்த முடியாது. இந்த வீட்டையே குறைந்த விலைக்கு வாங்க முடிவு செய்தாலும், வேறு வீட்டைப் பார்த்தாலும், முற்பணத்தை அப்படி எழுதிய உடன்படிக்கையின் மேல் மட்டும் கொடுத்து, அதைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள். வங்கி கடனை மறுத்தாலோ, மதிப்பீடு குறைந்தாலோ, மண்சரிவு அறிக்கை பாதகமாக வந்தாலோ முற்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்ற வாசகம் அதில் இருக்கட்டும். அந்த வாசகத்துக்கு வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தின் பிரதியையும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, அவருடைய சட்டத்தரணியிடம் அல்லாமல் உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். அதற்கிடையில் இரண்டு வங்கிகளிடமும் நான் மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். தேடல் அறிக்கை கைக்கு வந்ததும் அந்தப் பதில்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். வரி வரியாகச் சேர்ந்து வாசிப்போம்.